பெயர் போகும் இடத்துக்கு ஆள் போகக் கூடாது

"அண்ணன் கை நீட்டவே மாட்டாருப்பா. கூப்பிட்டு உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, நியாயமா பேசி முடிச்சு விட்டுடுவாரு." கட்டப்பஞ்சாயத்து செய்யும் ஆளைப் பற்றிச் சென்னையில் இந்தப் பாராட்டு கேட்காத ஏரியா இல்லை. வட சென்னை, தென் சென்னை என்ற பேதமும் இதில் கிடையாது. சொல்கிறவர்கள் மிகைப்படுத்துவதில்லை என்பதுதான் இதில் உறுத்துகிற விஷயம். அண்ணன் உண்மையிலேயே கை நீட்டுவதில்லை, குரலைக்கூட உயர்த்துவதில்லை. அந்த மெல்லிய குரலைத் தலைமைப் பண்பு என்று எடுத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். நிறையக் கேள், குறைவாகப் பேசு, ஆட்களைக் கைவிடாதே என்று மாஃபியா தலைவர்களிடமிருந்து நிர்வாகப் பாடம் எடுப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பாடம் எடுப்பவர்கள் ஒரு கேள்வியை மட்டும் தொடுவதே இல்லை. அந்தக் குரல் மெல்லியதாக இருக்க முடிவதற்கு யார், எப்போது, என்ன விலை கொடுத்தார்கள்?

நம் ஊர் நடைமுறையையே முதலில் பார்ப்போம். ஒரே மனைக்கு இரண்டு பத்திரம் இருக்கும். அல்லது குடியிருப்பவர் காலி செய்ய மறுப்பார். அல்லது கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வராது. சிவில் கோர்ட்டுக்குப் போனால் வாய்தா மேல் வாய்தா. யாரோ ஒருவர் மூலம் விஷயம் அண்ணன் காதுக்குப் போகிறது. எதிர்த்தரப்புக்கு ஒரு போன் வரும், பேசுவது அண்ணன் இல்லை. கூட இருக்கும் பையன் "அண்ணன் பாக்கணும்னு சொன்னாரு" என்பான், அவ்வளவுதான். போனவரை வெளியே ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள். அந்த நேரம் வீணாவதில்லை. யார் யார் வந்து போகிறார்கள், யாருக்கு யார் எழுந்து நிற்கிறார்கள் என்பதையெல்லாம் அவர் பார்த்தாக வேண்டும். உள்ளே கூப்பிட்டதும் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்பார். ஒரு தொகை முடிவாகும். எழுதாத பத்திரத்தாளில் கையெழுத்து, தேதி போடாத செக். முடிந்த தொகையில் ஒரு பங்கு இங்கே நின்றுவிடும். இந்த வரிசையில் எங்கேயும் அடி கிடையாது, ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது.

அதனால்தான் போலீசுக்கும் இது பிடி கொடுக்காது. பாதிக்கப்பட்டவர் துணிந்து புகார் கொடுத்தாலும் என்ன எழுதுவார்? "கூப்பிட்டார், போனேன், டீ கொடுத்தார், கையெழுத்துப் போட்டேன்." மிரட்டல் என்று நிரூபிக்க அதில் ஒரு சொல் இல்லை. நடந்த குற்றத்துக்கு வழக்குப் போடுவதைவிட, நடக்கவிருப்பதைத் தடுக்கும் சட்டங்களையே தமிழகக் காவல்துறை அதிகம் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ரவுடிகளின் சரித்திரப் பதிவேட்டில் ஏ பிளஸ், ஏ, பி, சி என்று வகை பிரிப்பதும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவில் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவதும் (புதிய சட்டத்தில் அது 129ஆம் பிரிவு), 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அதிகபட்சம் 12 மாதம் உள்ளே வைப்பதும் அதற்குத்தான். சட்டம் ஆளைப் பிடிக்கிறது. ஏரியாவில் பெயர் அதுபாட்டுக்கு வசூல் செய்துகொண்டிருக்கிறது.

பெயர் என்பதுதான் இந்தத் தொழிலின் மூலதனம். நூறு கடையில் மாமூல் வாங்க நூறு பேரை அடிக்க வேண்டுமென்றால் தொழில் கட்டுபடியாகாது. ஒவ்வொரு அடியும் ஒரு வழக்கு, ஒரு சாட்சி, ஒரு வக்கீல் செலவு, உள்ளே போன பையனின் குடும்பத்துக்கு மாதா மாதம் பணம். ஒரே ஒருமுறை, எல்லோருக்கும் தெரியும்படி, மறக்க முடியாதபடி ஒன்றைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு பல வருடம் பேச்சிலேயே ஓட்டுகிறவன்தான் தலைவன். ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பெயர் வேலை செய்ய வேண்டுமானால் அது ஊரெல்லாம் சுற்ற வேண்டும். தலைவன் பிழைக்க வேண்டுமானால் அவன் எங்கேயும் தென்படக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நடத்திக் காட்டுவதில் சிசிலி மாஃபியாத் தலைவர் பெர்னார்தோ ப்ரொவென்சானோவை மிஞ்சிய ஆள் இல்லை. அவரும் தோற்ற இடம் எது என்று தெரிந்தால், மெல்லிய குரலின் மகிமை என்று சொல்லப்படுவது என்ன என்பது விளங்கும்.

டிராக்டர்

ப்ரொவென்சானோ, சிசிலியின் தலைநகரான பலெர்மோவுக்குத் தெற்கே மலைக்குள் இருக்கும் கொர்லியோனே ஊர்க்காரர். 1933இல் பிறந்தவர். 1963இல் தலைமறைவானார், பிடிபட்டது 2006 ஏப்ரல் 11. நாற்பது வருடத்துக்கு மேல் போலீசிடம் இருந்தது அவருடைய இளமைக்காலப் படம்தான். அந்தக் காலத்தில் அவருக்கு டிராக்டர் என்று பட்டப்பெயர். கணக்குப்பிள்ளை என்ற பட்டமும் சாது என்ற பெயரும் வந்தது பிற்பாடு.

அவரும் அதே ஊர்க்காரரான சல்வத்தோரே ரீனாவும் ஒரே அணி, ரீனாதான் அப்போது தலைவர். 1981 ஏப்ரலில் பலெர்மோவின் பெரிய தலைவர் ஸ்தெஃபானோ பொந்தாத்தே கொல்லப்பட்டார், மே மாதம் இன்னொரு தலைவரான சல்வத்தோரே இன்செரில்லோ. அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்வதே பொருந்தாது. ரீனாவின் அணி வேட்டையாடியது, மறுபக்கம் செத்தது. பலி நூற்றுக்கணக்கில். இன்செரில்லோ குடும்பத்தில் மிஞ்சியவர்கள், இனி சிசிலி மண்ணை மிதிப்பதில்லை என்ற உடன்பாட்டில் அமெரிக்காவுக்கு ஓடினார்கள். இந்த உடன்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் எல்லாம் அதில்தான் வந்து முட்டும்.

1992இல் ரீனா அரசாங்கத்தோடேயே மோதினார். மே 23 அன்று கபாச்சியில் நெடுஞ்சாலையையே வெடிக்க வைத்து, மாஃபியா வழக்குகளை விசாரித்த நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயைக் கொன்றார்கள். ஜூலை 19 அன்று பலெர்மோ நகருக்குள் அவருடைய சக நீதிபதி பாவ்லோ பொர்செல்லீனோ. இராணுவம் தெருவுக்கு வந்தது, சிறைச் சட்டம் கடுமையானது, உள்ளே இருந்தவர்கள் வரிசையாக அப்ரூவர் ஆனார்கள். 1993 ஜனவரி 15 அன்று ரீனாவே பிடிபட்டார். அந்த வருடம் ஃபுளோரன்ஸ், மிலான், ரோம் நகரங்களில் குண்டுகள் வெடித்தன. பிறகு ஓய்ந்தது. ப்ரொவென்சானோவின் தலைமை தொடங்குவது அந்த ஓய்விலிருந்து. சத்தம் போடாதே, பத்திரிகையில் வராதே, எல்லோரிடமும் வாங்கு, கொஞ்சமாக வாங்கு. அவ்வளவுதான் கொள்கை.

வசூல் முறையைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு அந்நியமாகத் தெரியாது. அரசு ஒப்பந்தம் எடுத்தவர் வேலை தொடங்குவதற்கு முன்பே, அந்த ஏரியா ஆளிடம் போய் ஒப்பந்தத் தொகையில் 2 முதல் 3 சதவீதம் வரை பேசி முடித்துவிட வேண்டும். கடைக்காரர்களுக்கு கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று பண்டிகைக் கணக்கு. கொடுக்காத கடைக்கு முதல் எச்சரிக்கை அடியோ தீயோ இல்லை. காலையில் வந்து பார்த்தால் ஷட்டர் பூட்டுக்குள் பசை ஊற்றியிருக்கும், சாவி போகாது. ஒரு குழாய் பசையின் விலைதான் செலவு, போலீசில் சொன்னாலும் சில்லறைத் தொல்லை என்று போய்விடும். ஆனால் கடைக்காரருக்கு அது புரியும். 1991 ஆகஸ்ட் 29 அன்று, பணம் தர முடியாது என்று பகிரங்கமாக எழுதிய பலெர்மோ ஆலை முதலாளி லிபெரோ கிராஸ்ஸி தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டதை அந்த ஊரில் எந்தக் கடைக்காரரும் மறக்கவில்லை. அந்தப் பசை வேலை செய்வதற்கு அந்தத் தோட்டா ஏற்கெனவே விலை கொடுத்திருந்தது. கொள்கை மென்மையானபோது பயம் குறையவில்லை, புதிதாகப் பயமுறுத்த வேண்டிய தேவைதான் குறைந்தது.

துண்டுச் சீட்டு

ப்ரொவென்சானோ போனைத் தொடவில்லை. பிட்சீனி எனப்படும் துண்டுச் சீட்டுகளில்தான் மொத்த நிர்வாகமும் நடந்தது. சின்னத் தாளில் டைப்ரைட்டரில் அடிப்பார். பலமுறை மடித்து, விரலிடுக்கில் ஒளிக்கும் அளவுக்குச் சிறிதாக்கி, மேலே ஒளி ஊடுருவும் டேப் ஒட்டுவார். பெறுபவருக்குப் பெயருக்குப் பதில் ஓர் எண். தூதர்கள் சங்கிலியாக நிற்பார்கள், ஒருவருக்குத் தன்னிடம் கொடுப்பவரையும் தான் கொடுக்க வேண்டியவரையும் மட்டும் தெரியும். ஒரு கேள்விக்குப் பதில் வர நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் ஆகும். சில சீட்டுகளில் பெயர்களையும் எண்ணாக்கியிருந்தார்கள், முதல் எழுத்துக்கு 4, அடுத்ததற்கு 5 என்று மூன்று தள்ளி எண்ணும் முறை. கணக்குத் தெரிந்தவர் அரை மணியில் உடைத்துவிடுவார். பாதுகாப்பு அந்த எண்களில் இல்லை. சீட்டு வெளியார் கைக்கே போகாது என்பதில்தான் இருந்தது.

சீட்டின் உள்ளே இருக்கும் தொனிதான் எல்லோரையும் வியக்க வைப்பது. அன்பானவரே என்று தொடங்கும். உங்கள் அனைவரின் உடல்நலம் கேட்டு மகிழ்ச்சி. பிறகு, வந்த கடிதத்தில் இருந்த விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்து எண் போட்டுப் பதில். இன்ன ஒப்பந்தக்காரர், இன்ன ஆளின் மகனுக்கு வேலை, இன்னாருக்கும் இன்னாருக்கும் தகராறு. எழுத்துப்பிழை நிறைய. "செய்" என்று நேராகச் சொல்வது அபூர்வம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், பொறுமையாக இருப்போம், எல்லோருக்கும் நல்லதாக முடியட்டும், ஆண்டவர் உங்களை ஆசீர்வதித்துக் காக்கட்டும் என்றே போகும். பக்குவமான பெரியவர் ஒருவர் எழுதிய கடிதம் போல இருக்கும். இந்தப் பணிவின் நடைமுறைப் பயனை யோசித்துப் பாருங்கள். கட்டளை எதுவும் எழுதப்படவில்லை. முடிவு தப்பாகப் போனால் பழி பெறுபவர் மேல் விழும், சரியாக முடிந்தால் பெருமை அனுப்பியவருக்கு. இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகப் படித்துக்கொள்ள இடம் இருக்கும். தீர்ப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கலாம், தள்ளிப் போடும் வரை இரண்டு பேரும் எழுதிக்கொண்டே இருப்பார்கள். தலைமை என்பது அவர் விஷயத்தில் இந்த எழுத்துப் போக்குவரத்துதான்.

எங்கே உடைந்தது? படித்ததும் எரித்துவிட வேண்டிய சீட்டுகளைப் பெறுபவர்கள் எரிக்கவில்லை. 2002 ஏப்ரலில் அவருடைய நெருங்கிய தளபதி அந்தோனினோ ஜுஃப்ரே பிடிபட்டபோது சீட்டுகள் அவர் கையோடு இருந்தன. சில மாதங்களில் அவர் வாயும் திறந்தார். முட்டாள்தனம் என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜுஃப்ரே தன் ஏரியாவில் ஒருவரிடம் போய் "பெரியவர் இப்படிச் சொல்கிறார்" என்றால், எதிரில் இருப்பவர் ஏன் நம்ப வேண்டும்? சொந்தமாகக் கதை கட்டுகிறாய் என்று நாளை ஒருவர் கிளப்பினால் என்ன செய்வது? சீட்டு அவருக்கு ரசீது. தலைவர் மறைந்திருக்க மறைந்திருக்க, அவர் பெயரைச் சொல்கிறவர்களுக்கு அத்தாட்சி தேவைப்படும். அத்தாட்சி என்று ஒன்று இருந்தால் அது ஒருநாள் கோர்ட்டுக்கு வரும்.

நியூயார்க்கிலும் இதே சிக்கல்தான், வழிகள் வேறு. ஜெனொவீஸ் என்ற மாஃபியாக் குடும்பத்தின் தலைவர் வின்சென்ட் ஜிகாந்தே தன் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்று தடை போட்டார். அவரைக் குறிப்பிட வேண்டுமானால் முகவாயைத் தொட்டுக் காட்ட வேண்டும். அவரோ புத்தி பேதலித்தவர் போல வீட்டு அங்கியோடு கிரீனிச் வில்லேஜ் தெருக்களில் பல வருடம் நடந்துகொண்டிருந்தார். 1997இல்தான் தண்டனை வாங்கித் தர முடிந்தது. இன்னொரு நியூயார்க் குடும்பத்தின் தலைவர் ஜான் காட்டி நேர் எதிர். விலை உயர்ந்த சூட், கேமராவுக்குச் சிரிப்பு, மூன்று வழக்குகளில் விடுதலை. அதில் ஒன்றில் ஜூரி ஒருவரையே விலைக்கு வாங்கியிருந்தது பிறகு தெரிந்தது. தன் தளபதிகள் எல்லோரும் மல்பெர்ரி தெருவிலிருந்த ராவனைட் கிளப்புக்கு வாரா வாரம் வந்து முகம் காட்ட வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தினார். எதிரே ஜன்னல் வழியாக எஃப்பிஐ ஒவ்வொரு முகத்தையும் படம் எடுத்தது. யார் யாருக்குக் கீழே என்ற வரைபடத்தைத் தலைவரே வரைந்து கொடுத்தது போல ஆயிற்று. கிளப்புக்கு மேல்மாடி வீட்டில் வைத்த ஒட்டுக்கேட்புக் கருவியில், 1989 டிசம்பரில் தன் கூட்டாளி சாமி கிரவானோவைப் பற்றி அவர் குறை பேசியது பதிவானது. பல கொலைகளுக்கு கிரவானோவின் பேராசைதான் காரணம் என்பது போன்ற பேச்சு. கோர்ட்டில் அதைக் கேட்ட கிரவானோ அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். 1992 ஏப்ரல் 2 அன்று காட்டி குற்றவாளி என்று தீர்ப்பு.

நம் ஊரில் 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழா நடந்ததே, கத்தியால் கேக் வெட்டிய விழா. போலீஸ் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே இரவில் அள்ளியது. வராதவன் மரியாதை கொடுக்காதவன் என்றாகிவிட்டால் எல்லோரும் வந்துதான் ஆக வேண்டும். கெத்து காட்டுவதற்காகக் கூடிய கூட்டம் அப்படியே கைதிப் பட்டியலாக மாறிவிடுகிறது.

தகரக் கொட்டகை

ப்ரொவென்சானோவின் மென்மை உண்மையான சோதனைக்கு வந்தது 2000த்துக்குப் பிறகு. அமெரிக்காவுக்கு ஓடிய இன்செரில்லோ குடும்பத்தார் ஒருவர் ஒருவராகப் பலெர்மோவுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். பலெர்மோ தலைவர்களில் ஒருவரான சல்வத்தோரே லோ பிக்கோலோ அவர்களை வரவேற்றார், அமெரிக்கத் தொடர்பு வியாபாரத்துக்கு நல்லது. நகரின் பாலியாரெல்லி பகுதித் தலைவர் நினோ ரோதோலோ எதிர்த்தார். காரணம் எளிது, அந்தக் குடும்பத்தாரைக் கொன்ற அணியில் அவரும் ஒருவர். செத்தவர்களின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்றில்லாவிட்டால் நாளை தன்னைத் தேடி வருவார்கள் என்று அவர் அஞ்சினார். அஞ்சியதில் தப்பில்லை.

இருவரும் பெரியவருக்கு எழுதினார்கள். இங்கேதான் அவருடைய முறையின் பலவீனம் தெரிந்தது. முன்பு அவர் தீர்த்துவைத்த தகராறுகள் ஒப்பந்தம், சதவீதம், எல்லை பற்றியவை. அவற்றை ஆளுக்குப் பாதி என்று பிரிக்கலாம், இந்தத் தடவை நீ, அடுத்த தடவை அவன் என்று வைக்கலாம். திரும்பி வந்த குடும்பம் இருக்கலாமா கூடாதா என்பதைப் பாதியாகப் பிரிக்க முடியாது. வரலாம் என்றால் 1981இன் வெற்றி செல்லாது என்று பொருள். அந்த வெற்றிதான் அவரைத் தலைவராக்கியது. கூடாது என்றால் அதை நடத்திக்காட்ட மறுபடி துப்பாக்கி எடுக்க வேண்டும், அவருடைய கொள்கையே உடையும். தெளிவான பதில் எழுதாமல் இழுத்துக்கொண்டே போனார். எந்த ரத்தத்தின் மேல் அந்த அமைதி உட்கார்ந்திருந்ததோ அந்த ரத்தமே கேள்வியாக வந்து நின்றபோது, அன்பானவரே என்று தொடங்கும் சீட்டில் எழுத அவரிடம் எதுவும் இல்லை. அவர் தலைமையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். அவரால் தள்ளிப் போட மட்டுமே முடிந்தது, அதற்குத்தான் இத்தனை காலம் நிதானம் என்று பெயர்.

ரோதோலோ அப்போது உடல்நிலையைக் காட்டி வீட்டுக்காவலில் இருந்தார். வீட்டருகே ஒரு தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார். அதில் போலீஸ் காது வைத்தது. லோ பிக்கோலோவையும் அவர் மகனையும் கொல்லும் திட்டம் அங்கே பேசப்பட்டது. 2006 ஏப்ரலில் கொர்லியோனேக்குப் பக்கத்திலேயே ஓர் ஆட்டுப்பட்டி வீட்டில் ப்ரொவென்சானோ பிடிபட்டார். காட்டிக் கொடுத்தது அவர் குடும்பம் அனுப்பிய சலவைத் துணி மூட்டை, கைமாறிக் கைமாறி அது போன வழியைப் போலீஸ் கேமராவில் தொடர்ந்தது. உள்ளே டைப்ரைட்டர், பைபிள், சீட்டுகள். இனி தடுக்க ஆள் இல்லை, சண்டை வெடிக்கும் என்று அரசு வழக்கறிஞர்கள் அவசரப்பட்டு, ஜூன் மாதமே ரோதோலோ கூட்டத்தைப் பிடித்தார்கள். 2007 நவம்பரில் லோ பிக்கோலோவும் மகனும் சிக்கினார்கள். அவர்களிடமும் சீட்டுகள், வசூல் கணக்குகள்.

அதற்குப் பிறகும் ஒரு பெரியவரைத் தேடுவதை பலெர்மோ விடவில்லை. 2017 நவம்பரில் ரீனா சிறையில் செத்ததும், ஏரியாத் தலைவர்கள் 2018 மே மாதம் கூடி, ரோதோலோவின் பழைய பகுதியைச் சேர்ந்த செத்திமோ மினேயோ என்ற நகைக்கடைக்காரரைத் தலைவராக ஏற்றார்கள். வயது எண்பதை ஒட்டி. மொபைல் வைத்துக்கொள்ளாதவர், எங்கேயும் நடந்தே போகிறவர், சத்தம் இல்லாத ஆள். கூட்டம் நடந்த இடத்தில் போலீசுக்கு ஒரு மைக்கும் கிடையாது. ஆனால் கூட்டத்துக்குப் போய் வந்த தலைவர்களில் ஒருவர், அங்கே யார் வந்தார்கள், என்ன முடிவானது என்பதையெல்லாம் தன் டிரைவரிடம் விலாவாரியாகச் சொன்னார். சொன்னது அவருடைய சொந்தக் காரில். காரில் மைக் இருந்தது. அந்த டிசம்பர் 4 அன்று மினேயோவோடு சேர்த்து 46 பேர் கைதானார்கள்.